தேய்மானம்

நாள்பட்ட மூட்டுவலியோடு வாழ்வோருக்கு ஒரு கையேடு எழுதுகையில் என்னை மிகவும் அலைக்கழித்த சொல் இது. எளிய சொல்தான், யாருக்கும் புரியும். சிக்கலும் அதுவே. செருப்பு தேயும், அம்மி தேயும், தேய்ந்தது வளராது. 'மூட்டுத் தேய்மானம்' என்று கேட்ட என் அத்தை, மிச்சமிருப்பதைக் காப்பதாக எண்ணி நடையையே நிறுத்திவிட்டார். தொடைத்தசை வலுவிழந்தது, வலி கூடியது.

குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுந்தி விடுபடும்போதே மூட்டுநீரிலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட நெறிமுறையும் இந்நோயாளிகள் அனைவருக்கும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

ஆகவே இப்படி எழுதினேன்: 'மூட்டு உயிருள்ளது. உங்களால் முடிந்த அளவு நடந்தால் அதற்கு உணவு கிடைக்கும். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம்.'

புரிந்தால் மட்டும் போதாது. புரிந்தபின் எழுந்து நடக்கவும் தோன்றவேண்டும்.