ஃபைலில் இருந்த சமையலறை

1/
கல்யாண மண்டபம், மெஸ், டிபன் கடை, அன்னதானக் கூடம் நடத்துகிறீர்களா? உங்களிடம் "உணவுப் பாதுகாப்புத் திட்டம்" என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் கடைசியாக எழுதிய தேதி என்ன என்று எடுத்துப் பாருங்கள். ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2/
ஒரு வைகாசி முகூர்த்த நாள். விருத்தாசலத்தில் டூட்டியில் இருந்தேன். மதியம் மூன்று மணி வாக்கில் நல்லூர்ப் பக்கமிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாகப் பதினோரு பேர். எல்லோருக்கும் வாந்தி. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அம்மா தோளில் துவண்டு கிடந்தது.

3/
நான் முதலில் கேட்டது "என்ன சாப்பிட்டீங்க?" இல்லை. "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? முதல் வாந்தி எப்போ?"

12 மணிப் பந்தி. 2 மணிக்கு வாந்தி. யாருக்கும் காய்ச்சல் இல்லை.

நேரம்தான் இங்கே துப்பு. சால்மோனெல்லா மாதிரி கிருமி உள்ளே போய்ப் பெருகி நோய் தர பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேலாகும், மூன்று நாள் வரைகூட ஆகலாம். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், நச்சு இலையில் விழும்போதே சாப்பாட்டில் இருந்தது என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

4/
சோறு என்றால் என் மனதில் முதலில் வரும் பெயர் பேசில்லஸ் சீரியஸ். இதன் வித்துகள் அரிசியிலேயே இருக்கும். சோறு வேகும்போதும் சாகாது. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து, பெருகி, நச்சை உண்டாக்கும். அதற்கப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. புளி தூக்கலாகக் கிளறிய கட்டுச்சோறு ஓரளவு தாங்கும். வெள்ளைச் சோறு தாங்காது.

5/
இரண்டு நாள் கழித்து மண்டப மேனேஜர் வந்தார். பாவம், முகமே வாடியிருந்தது. "டாக்டர், எங்ககிட்ட எல்லாம் பக்காவா இருக்கு" என்று ஃபைலை நீட்டினார். உண்மையிலேயே நல்ல ஃபைல். 2019-இல் எழுதியது. "சோறு வடித்த 2 மணி நேரத்துக்குள் பந்தி" என்று தெளிவாக இருந்தது. மாதா மாதம் "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்து வேறு.

6/
"வாங்கண்ணே, அந்தச் சோறு வந்த வழியிலேயே நடந்து பார்ப்போம்" என்றேன்.

ஃபைலில் இருந்த சமையலறையைக் காணோம். அந்த இடம் இப்போது ஏசி டைனிங் ஹால். சமையல் வேறொரு ஷெட்டில். காலை 6 மணிக்கு வடித்து, அண்டாவில் அடைத்து, மூடி போட்டு, வேனில் ஏற்றி வருகிறார்கள். 12 மணிப் பந்திக்கு வரும்போது அதற்கு 6 மணி நேர வயது.

ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். "வேன்" என்ற வார்த்தையே எங்கும் இல்லை.

7/
யாரும் பொய் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவர் ஃபைலை ஃபைலோடுதான் ஒப்பிட்டார், அடுப்போடு ஒப்பிடவில்லை. நம்ம ஊரில் "ரிவ்யூ" என்றாலே கையெழுத்து என்று ஆகிவிட்டது.

8/
1960-களில் விண்வெளி வீரர்களின் சாப்பாட்டுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் உருவாக்கிய முறைதான் ஹேசப். எந்தப் படியில் ஆபத்து வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அங்கேயே தடுப்பது. முறை சரியாக நடக்கிறதா என்று சோதிப்பதும் அதில் ஒரு விதி. 1969-இல் வந்த கோடெக்ஸ் உணவுச் சுகாதார விதிகளையே 2020-இல் திருத்தி எழுதினார்கள். மண்டப ஃபைலைத் திருத்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

9/
அரசும் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. நம் பாட்டிமார் சமையலில் மயோனைஸ் ஏது? ஷவர்மாவோடு ஊருக்குள் வந்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை போட்டது.

பள்ளிகளைப் பாருங்கள். 1982 முதல் மதியத்துக்குச் சமைத்த வளாகங்கள். 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மிக நல்ல திட்டம். ஆனால் விடியற்காலை அடுப்பு என்றால் தண்ணீர், வெளிச்சம், பாத்திரம் கழுவும் நேரம், சமைக்கும் ஆள் எல்லாமே புதுக் கணக்கு.

10/
அப்போ எப்போது திருத்த வேண்டும்?

• மெனுவில் புதுப் பண்டம் சேர்ந்தால்
• மளிகை, பால், கறி வாங்கும் இடம் மாறினால்
• போர் தண்ணீர், டேங்க் மாறினால்
• 200 இலை 800 இலை ஆனால்
• சமையல் மாஸ்டர் மாறினால்
• சமைக்கும் இடம், எடுத்து வரும் வழி மாறினால்
• ஒரே ஒருவர் "வயிறு சரியில்லை" என்று சொன்னாலும்
• பாத்திரம் மாறினால். நம்ம ஊர் பீங்கான் ஊர் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். அலங்காரத்துக்குச் செய்த ஜாடியில் ஊறுகாய், புளிக்கரைசல் வைக்காதீர்கள். சில மெருகுகளில் ஈயம் இருக்கும், புளிப்பு அதை இழுக்கும். உணவுக்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

எதுவுமே மாறவில்லையா? வருஷத்துக்கு ஒருமுறை ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டையிலிருந்து இலை வரை நடந்து பாருங்கள்.

11/
மண்டபத்தில் புதுத் திட்டம் எழுத உட்கார்ந்தபோது சமையல் மாஸ்டர் கேட்டார்: "பந்திக்குப் பந்தி சோறு வடிக்கச் சொல்றீங்க சார். கூடுதல் ஆள் கூலி யார் குடுப்பா?"

நியாயமான கேள்வி. கூலி இல்லாத திட்டம் வெறும் காகிதம். கடைசியில் மண்டபத்துக்குப் பின்னாலேயே சோற்றுக்கு மட்டும் அடுப்பு போட்டார்கள், இரண்டு ஆள் கூடுதல். வேனில் வரும் சாம்பார், கூட்டு 60 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டர். ஒவ்வொரு பண்டத்திலும் கொஞ்சம் எடுத்து, தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். அன்றைக்கு அப்படி எதுவும் எடுத்து வைக்காததால்தான் நான் "சந்தேகம்" என்று மட்டும் எழுத முடிந்தது.

12/
அந்தக் குழந்தை டிரிப்ஸ் ஏறி, மறுநாள் இட்லி கேட்டது. பிழைத்தது நல்ல நேரம். பீகார் சாரண் மாவட்டத்தில் 2013 ஜூலை 16 அன்று, பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளி மதிய உணவால் 23 குழந்தைகள் இறந்தார்கள்.

விசேஷத்துக்குப் போய் வந்தபின் வாந்தி வந்தால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

சமையல் தொழிலில் இருக்கும் யாரையாவது தெரிந்தால் இதை அனுப்புங்கள். ஃபைலைத் திறந்து, அதில் இருக்கும் சமையலறை இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.