மலையூர் மூதாட்டியும் புனிதக் காளானும்

மெக்சிக்கோ நாட்டின் தென்பாகத்திலே, ஒவாகாக்கா மாநிலத்து மலைகளிடையே வாவுத்லா என்றோர் ஊர் உண்டு. மாரிகாலம் பிறந்ததும் அம்மலைச் சாரல்களிற் சிறு காளான்கள் முளைக்கின்றன. விஞ்ஞானிகள் இவற்றைச் 'சைலோசைபி' என்னும் இனத்தில் அடக்குவர். அங்கு வாழும் மசத்தெக்கு மக்களோ 'புனிதக் குழந்தைகள்' என்பர். இவற்றை உண்டவருக்குக் காட்சிகள் தோன்றும். காலமும் இடமும் மயங்கும்.

இத்தகைய பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அதனைக் களிப்புக்கு உரியதாக அம்மக்கள் கருதினாரல்லர். வீட்டில் ஒருவர் நோயுற்றால் அதனை நாடினர். இரவு வேளையிலே தூபமிட்டு, காளான்களை இணையிணையாக உண்டு, இருளில் அமர்ந்து விடியும்வரை பாடி, நோயின் காரணத்தைத் தேடுவது அவர்தம் வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாட்டை வென்றபின், பாதிரிமார் இதனைப் பேய்வழிபாடெனக் கண்டித்தனர். எனினும் மலையூர்களில் இது மறைவாக நிலைத்தது. கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்களும் அப்பாடல்களிற் கலந்தன.

இம்மரபிலே வந்தவர் மரியா சபீனா. எழுத்தறியாதவர், ஏழை. 1955ஆம் ஆண்டு யூன் மாதத்து இரவொன்றில், நியூயோர்க் வங்கி அதிகாரியும் காளான் ஆராய்ச்சியில் ஆர்வலருமான கோடன் வொசன் என்பவரை அவர் தம் சடங்கிற்கு ஏற்றார். ஊர் அதிகாரி ஒருவர் வேண்டிக்கொண்டமையால் மறுக்க இயலவில்லை. 1957இல் வொசன் 'லைஃப்' சஞ்சிகையில் அவ்விரவைப் பற்றி எழுதினார். அதிலே மூதாட்டியின் பெயரை மாற்றியிருந்தாராயினும், அதே ஆண்டு வெளியிட்ட தமது நூலில் உண்மைப் பெயரைத் தந்துவிட்டார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்து இரசாயன அறிஞர் அல்பேட் ஹொஃப்மன் காளானின் சாரமாகிய 'சைலோசைபினை'ப் பிரித்தெடுத்தார். 1962இல் அவர் கொண்டுசென்ற மாத்திரைகளை உட்கொண்ட மரியா சபீனா, காளானின் ஆற்றல் அவற்றிலும் உண்டென ஒப்புக்கொண்டார்.

பின்னர் அயல்நாட்டு இளைஞர் திரள் திரளாக அவ்வூருக்கு வந்தனர். நோயாளி எவரையும் அவர்கள் அழைத்து வரவில்லை, காட்சியையே வேண்டினர். ஊரார் சினங்கொண்டனர். மூதாட்டியின் வீடு தீக்கிரையாயிற்று. காவலரின் தொல்லையும் நேர்ந்தது. அந்நியர் வந்தபின் புனிதக் குழந்தைகள் தம் ஆற்றலை இழந்தன என அவர் வருந்திக் கூறினார். 1985இல் வறுமையிலேயே மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் எம் உள்ளத்தை ஒன்று உறுத்துகின்றது. மூதாட்டி ஈந்தது ஓர் இரவின் விருந்தோம்பல். விருந்தினரோ அவ்வீட்டு வாயிலையே உலகுக்குத் திறந்துவிட்டார். அறிவுத் தாகம் நன்றே. ஆயினும் பிறர் பேணிக் காத்ததை வெளியிடுமுன், அதனால் துன்புறுவோர் யாவரென எண்ண வேண்டாமா?

வொசன் 1968இல் வெளியிட்ட மற்றொரு நூல் நம் சமயத்தையும் தொடுகின்றது. வேதங் கூறும் சோமம் வேறொரு வகைக் காளானே என்பது அவர் கொள்கை. அறிஞர் பலர் இதனை ஏற்றிலர். சோமம் எதுவாயினும், இருக்கு வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் அதனையே பாடுகின்றது. மூலச்செடி இன்னதென்பது மறந்தபின்பும், பிற்காலத்தார் வேறு கொடிகளைக் கொண்டு வேள்வியைத் தொடர்ந்தனர். இங்கே செடி மறைந்தும் சடங்கு நின்றது. வாவுத்லாவிலோ காளான் குன்றாதிருக்கவே சடங்கு புண்பட்டது. ஆதலின் ஒரு வழிபாட்டின் உயிர் பொருளில் மட்டும் தங்குவதன்று என நாம் கருதுகின்றோம்.

1971ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை சைலோசைபினை மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் வைத்தது. மனச்சோர்வு நோய்க்கு அது பயன்படுமா என மருத்துவர் இன்று ஆராய்கின்றனர். நோயாளியை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்து, மருந்தின் மயக்கம் தீரும்வரை அருகே துணையிருந்தே அவர்கள் அதனைக் கொடுக்கின்றனர். நோயாளியைத் தனியே விடலாகாது என்பது அம்மூதாட்டி முன்பே அறிந்திருந்ததன்றோ? புதுமை நாடும் நம் மாணவர், காளானின் கதையோடு அவர் கதையையும் சேர்த்தே கற்பாராக.