வேம்பின் நிழலில் ஓர் ஆலயம்

திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, புறநகர்ப் பக்கமாக ஒரு சிறிய சபை இருக்கிறது. தகரக் கூரைக் கட்டடம். வைகாசியில் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் உள்ளே இருக்க முடியாது. 2022இல் நாடெங்கும் மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற நாட்களில், மக்கள் பாய்களைத் தூக்கிக்கொண்டு வாசல் வேம்பின் கீழ் வந்து ஆராதித்தார்கள்.

இப்போது அங்கே புதிய ஆலயம் கட்டப் போகிறார்கள். மாதர் சங்கத்தின் பிடியரிசிப் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. சங்கத்தோடு வேலை செய்பவள் என்பதால் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். கொங்கிரீற் கூரை, திறக்க முடியாத கண்ணாடி யன்னல்கள், குளிரூட்டி. வேம்பு நிற்கும் இடத்தில் வாகனத் தரிப்பிடம்.

பின்வரிசையில் இருந்த அம்மம்மா ஒருவர் கேட்டார்: "கரண்ட் இல்லாத ஞாயிறு நாங்கள் எங்க பிள்ளை இருக்கிறது?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பின்னர் வேறொரு வேலையாகக் கண்டிக்குப் போனபோது, திரினிற்றிக் கல்லூரிச் சிற்றாலயத்தைப் பார்க்கச் சென்றேன். அதற்குப் பக்கச் சுவர்களே இல்லை. பழைய சிங்கள மண்டபங்களைப் போலக் கருங்கல் தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. கஸ்ரர் என்ற ஆங்கிலேயப் போதகரின் திட்டப்படி 1920களில் வேலை தொடங்கி, 1935இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகிறது. மின்விசிறியை நான் தேடவேயில்லை.

ஆனால் கண்டியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஐப்பசி முதல் தை வரை நம் ஊரில் வாடைக்காற்றோடு மழை சாய்ந்தடிக்கும். இதற்கு வழி லோரி பேக்கரிடம் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் புறநகரான ஸ்ரீகாரியத்தில் 1970களின் தொடக்கத்தில் அவர் கட்டிய லயோலா சிற்றாலயத்தில், செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்பினார். காற்றும் வெளிச்சமும் துவாரங்களால் வரும். நேர் வெயில் உள்ளே விழாது. செலவும் குறைவு.

இரண்டு ஆலயங்களின் படங்களையும் அடுத்த கூட்டத்தில் காட்டினேன். பெண்கள் தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள். நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும், காலை மாலை வெயில் குறையும். ஓட்டுக் கூரையை நன்றாக வெளியே இறக்கிச் சுற்றிவர விறாந்தை வைத்தால் சாரல் அடிக்காது. கோடையில் கிணறு வற்றினால் குடத்தோடு அலைகிறவர்கள் அவர்கள்தானே! கூரைத் தண்ணீரையும் கேட்டார்கள். 200 சதுர மீற்றர் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2 இலட்சம் லீற்றர் தண்ணீர். அதில் ஒரு பங்கைத் தாங்கியில் பிடித்து, மிச்சத்தைக் கிணற்றடி மண்ணுக்குள் இறக்கினாலே போதும்.

போதகர் ஐயா வரைபடத்தை மாற்றி வரையக் கொடுத்திருக்கிறார். குளிரூட்டி வேண்டும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேம்பை வெட்டுவதில்லை என்று மட்டும் அன்றே முடிவாயிற்று.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஆலயமோ கோயிலோ பள்ளியோ கட்டுவார்கள். பணம் சேர்த்துக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். வரைபடத்தையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.