ஆழத் தொட்டிக்கு எத்தனை வாட்?

ஜூன் 4

செடி வைக்கும் மீன் தொட்டியின் ஆழம் இரண்டடியைத் தொட்டதும் கிடைக்கும் முதல் யோசனை, ‘வாட்டைக் கூட்டு’ என்பதுதான். இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. லிட்டருக்கு இத்தனை வாட் என்பது டியூப் லைட் காலத்துக் கணக்கு. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம், தரும் ஒளியல்ல. பழைய டியூப் ஒரு வாட்டுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 மைக்ரோமோல் ஒளித்துகள்களைத் தந்தது. இன்றைய நல்ல எல்.இ.டி. 2-க்கு மேல் தருகிறது. லிட்டர் கணக்கும் அதேபோல ஏமாற்றும். 100 செ.மீ. நீளம், 50 அகலம், 40 உயரம் உள்ள தொட்டி 200 லிட்டர் கொள்ளும். 80 நீளம், 40 அகலம், 62.5 உயரம் உள்ளதும் அதே 200 லிட்டர்தான். ஆனால் முன்னதன் தரை 5,000 சதுர செ.மீ., பின்னதன் தரை 3,200. செடி வேர்விடுவது தரையில். ஒளி போய்ச்சேர வேண்டியதும் அங்கேதான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமெனும் உதவாது. அது 555 நானோமீட்டர் பச்சையை அதிகம் உணரும் மனிதக் கண்ணுக்கான அளவு. செடியோ 400 முதல் 700 வரை முழுவதையும் பயன்படுத்திக்கொள்கிறது.

ஜூன் 6

ஒளியைத் தண்ணீர் குடித்துவிடுகிறது என்பது, வாட்டைக் கூட்ட வேண்டாம் என்றால் வரும் வலுவான மறுப்பு. கடலில் அது உண்மை. தொட்டியில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தெளிந்த நீர் சிவப்பைத்தான் கூடுதலாக உறிஞ்சும். 650 நானோமீட்டர் சிவப்பில் 60 செ.மீ. ஆழத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். நீலத்தில் இழப்பு ஒரு சதவீதம்கூட இராது. இதற்காக வாட்டை இரட்டிப்பாக்க வேண்டிய அவசியமே இல்லை. சொல்லப்போனால் நீர் ஒளியைக் காக்கவும் செய்கிறது. செங்குத்துக்கு 60 பாகை சாய்ந்து வரும் கதிர் நீருக்குள் நுழைந்ததும் ஏறக்குறைய 40 பாகைக்கு மடிகிறது. அந்தக் கோணத்தில் பக்கக் கண்ணாடியைத் தொடும் கதிரால் வெளியேற முடியாது. முழு அக எதிரொளிப்பு அதை மறுபடி உள்ளே திருப்பிவிடும். 120 பாகை விரியும் சாதாரண எல்.இ.டி. பட்டையின் ஒளி நீருக்குள் இறங்கிவிட்டால், சுத்தமான கண்ணாடிச் சுவர்கள் அதைக் கீழே கொண்டுபோகும். இந்த ஒன்றை நம்பித்தான் என் வாதமே நிற்கிறது.

ஜூன் 7

அப்படியென்றால் ஆழமான தொட்டிகளின் அடி ஏன் இருண்டு கிடக்கிறது? கேள்வி நியாயமானது. ஒளி நீருக்குள் வருவதற்கு முன்பே சிதறிப்போவதுதான் முதல் காரணம். விளக்கை அழகுக்காக ஓரடி உயரத்தில் தொங்கவிட்டால் விரிந்த கதிர்களில் கணிசமான பங்கு நீரைத் தொடாமல் அறையின் சுவருக்கும் தரைக்கும் போகிறது. விளிம்பிலேயே வைத்தால் அந்த இழப்பு இல்லை. தொங்கவிட்டே தீர வேண்டுமென்றால் 60 பாகை லென்ஸ் பொருத்தியது வேண்டும். லென்ஸ் வெளிச்சத்தை வட்டவட்டமாக விழவைக்கும், ஓரம் இருளும் என்பார்கள். ஒற்றை விளக்கில் அப்படித்தான். இரண்டு மூன்றை வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்தால் சரியாகிவிடும். கண்ணாடியில் படியும் பாசியும் நீர்மேல் படரும் எண்ணெய்ப் படலமும் ஒளியை மறிக்கின்றன. மரக்கட்டையும் பாதாம் இலையும் இறக்கும் பழுப்புச் சாயம் நீலத்தை விழுங்குகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிது நிழல்: மேலே படர்ந்த ஹைட்ரில்லாவின் அடியில் எந்த விளக்கும் தோற்கும். கத்தரிக்கோல் செய்யும் வேலையை வாட் செய்யாது.

ஜூன் 11

இனி கணக்கு. மேலே சொன்ன உயரத் தொட்டியின் தரை 0.32 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நொடிக்கு 40 மைக்ரோமோல் என்ற நடுத்தர அளவு வேண்டுமானால் தரையை எட்ட வேண்டியது நொடிக்குச் சுமார் 13 மைக்ரோமோல். விளக்கு தருவதில் மூன்றில் ஒரு பங்குதான் எட்டுகிறது என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொண்டாலும், நல்ல எல்.இ.டி.யில் 20 வாட் போதும். ‘200 லிட்டராச்சே’ என்று 100 வாட் மாட்டுபவர் இதை நம்பமாட்டார். கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்றும் கேட்பார். கெடும். ஒளி ஏறினால் செடியின் கார்பன் டை ஆக்சைடு பசியும் உரப் பசியும் சேர்ந்தே ஏறும். அவை கிடைக்காதபோது செடி தேங்கி, பாசி முந்திக்கொள்ளும். அதுவும் தரைக்கு வேண்டியதை மனத்தில் வைத்து ஏற்றிய ஒளி நீர்மட்டத்துக்கு அருகே பல மடங்காக இருக்கும். ஆகவே ஒளியைக் குறைக்கும் டிம்மர் உள்ளதாக, தொட்டியின் முழு நீளத்துக்கும் வருவதாக, 30–40 வாட் விளக்கு ஒன்றை வாங்கிப் பாதி அளவில், நாளுக்கு 6 மணி நேரத்தில் தொடங்குவதே சரி. இலங்கையின் நிழலான ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் வெண்டியும், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவையும் இந்த ஒளியிலேயே செழிக்கும். இரண்டடி ஆழத்தில் மான்டி கார்லோ செடியின் கம்பளம்தான் வேண்டும் என்பவருக்கு 80 மைக்ரோமோலாவது தேவைப்படலாம். அவர் இன்னொரு விளக்குக்கு எடுத்துவைத்திருக்கும் பணத்தை முதலில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு ஒதுக்கட்டும்.