15 விநாடியில அணைஞ்சுடும்!

உங்க வீட்டுல பழைய டெஸ்க்டாப் இருக்கா? இருந்தா, பென்டிரைவைச் செருகுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

எங்க வீடு படப்பையில. வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல கம்பெனி பஸ் வரிசையாப் போகுமே, அந்த ஊர்தான். எங்க கம்ப்யூட்டர் 2011-ல அக்கா வாங்கினது. அப்ப அவங்க ஒரு செல்போன் ஃபேக்டரியில லைன்ல நின்னாங்க. ஓவர்டைம் பணத்துல வாங்கினதால, அதுக்கு ஆயுத பூஜையில தனிப் பொட்டு உண்டு!

மறுநாள் எனக்கு ஃபைனல் புராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா, கறுப்பு ஸ்க்ரீன்ல இங்கிலீஷ்ல ஒரு வரி: 'யு.எஸ்.பி.யில அளவுக்கு மீறி கரண்ட் போகுது, 15 விநாடியில சிஸ்டம் அணைஞ்சுடும்.' சொன்ன மாதிரியே அணைஞ்சது. பத்து தடவை ஆன் பண்ணினேன், பத்து தடவையும் அதேதான். புராஜெக்ட் முழுக்க உள்ளே. பேக்கப்பா? அதை மட்டும் கேக்காதீங்க பாஸ்.

தெரிஞ்ச மெக்கானிக்குக்கு போன் போட்டேன். ''போர்டு போயிருக்கும் தம்பி. பழசு, எடைக்குப் போட்டுடுங்க''ன்னார். அக்காகிட்ட இதை எப்படிச் சொல்றது?

பதினொன்றரைக்கு செகண்ட் ஷிப்ட் முடிச்சு வந்தாங்க. (இப்ப ஒரகடத்துல வேற கம்பெனி.) சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுக்கல. முதல்ல பவர் வயரைப் பிடுங்கினாங்க. அப்புறம் கேபினெட்டோட இரும்பைத் தொட்டாங்க. ''எங்க லைன்ல மணிக்கட்டுல பட்டை கட்டாம போர்டைத் தொட விடமாட்டாங்கடா. உடம்புல இருக்குற ஸ்டாட்டிக் ஒரு சிப்பைக் காலி பண்ணிடும்.''

செல்போன் டார்ச்சை முன்பக்க போர்ட்டுக்குள்ள அடிச்சாங்க. உள்ளே நாலு தகடு இருக்கும், பார்த்திருக்கீங்களா? ஓரத்துல இருக்குற ரெண்டும் கரண்டுக்கு, நடுவுல ரெண்டும் டேட்டாவுக்கு. ஓரத்து தகடு ஒண்ணு வளைஞ்சு, சுத்தி இருக்குற உலோகக் கூட்டைத் தொட்டுக்கிட்டு நின்னது. அந்தத் தகடுல 5 வோல்ட், கூடு எர்த். அப்ப ஷார்ட் ஆகாம என்ன ஆகும்? யு.எஸ்.பி. 2.0 போர்ட் ஒண்ணுல எடுக்க வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். அதைத் தாண்டினதும் போர்டு தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுடுது. கெட்டது போர்டு இல்லீங்க, முன்பக்க ஓட்டை!

அக்கா கேபினெட்டைத் திறந்து, முன்பக்க போர்ட்ல இருந்து மதர்போர்டுக்கு வர்ற ஒயரைப் பிடிச்சு நேரா மேல இழுத்தாங்க. ஒன்பது பின்னுல உக்காந்திருக்குற சின்ன கனெக்டர். பத்தாவது துளை அடைச்சிருக்கும், அதனால மாத்திச் செருகவும் முடியாது. அவ்வளவுதான் ரிப்பேர். ஆன் பண்ணினோம். 15 விநாடி ரெண்டு பேரும் மூச்சு விடல. விண்டோஸ் வந்தது! பின்பக்க போர்ட்ல வேற பென்டிரைவைப் போட்டு புராஜெக்டை எடுத்தேன்.

''தகடு தானா வளையாதே. யாருடா தலைகீழாப் போட்டு அழுத்தினது?''

நான்தான். முந்தின நாள் அவசரத்துல. ''தெரியலக்கா''ன்னேன். யு.எஸ்.பி.யை உருவாக்கின டீமுக்குத் தலைமை தாங்கின அஜய் பட் நம்ம வதோதராக்காரர். 1996-ல முதல் வெர்ஷன் வந்தது. ரெண்டு பக்கமும் செருகுற மாதிரி செஞ்சா செலவு கூடும்னு விட்டுட்டோம்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். பழியை அவர் மேல போடலாம்னு பார்த்தேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் வாய் வரல.

ரிவ்யூ நல்லா போச்சு. சாயங்காலம் வந்து பார்த்தா, முன்பக்க போர்ட் மேல செல்லோடேப். அதுல அக்கா கையெழுத்து: 'தெரியலக்கா தொடக் கூடாது.'