நுரையீரல் துறந்த உயிர்

பரிணாமம் என்றதும் புதிதாகப் பெற்ற சிறகும் கொம்புமே நம் நினைவுக்கு வருகின்றன. விலங்கியல் மாணவனான என் மனத்தைக் கவர்ந்ததோ, ஒன்றை இழந்து வாழும் ஓர் உயிர். ஜப்பானிய மலையோடைகளை ஒட்டி வாழும் ஹக்கோனே சாலமாண்டர், பல்லியின் உருவம் கொண்ட தவளையின் உறவு. அதற்கு நுரையீரலே இல்லை! காற்று நிறைந்த நுரையீரல் மிதவைபோல் உடலைத் தூக்கினால், விரைந்தோடும் நீர் இழுத்துச் சென்றுவிடும் என்பது அறிஞர் தரும் விளக்கம். குளிர்ந்த ஓடையில் ஆக்சிஜன் மிகுதி. ஆகவே ஈரத்தோலே சுவாசிக்கப் போதும். பாறையைப் பற்ற அதன் குஞ்சுகளுக்குக் கருநிற நகங்களும் உண்டு.

ஆனால், இச்சிறப்பே அதற்குத் தளையுமாகிறது. கரைக்காடு அழிந்து ஓடை வெப்பமடைந்தால் நீரில் ஆக்சிஜன் குறையும். துறந்த நுரையீரலோ திரும்பி வராது. நண்பர்களே, தனித்திறன் வேண்டும். அத்திறனுக்கு இடம் தந்த ஓடையைக் காக்கும் அறிவும் வேண்டும்.