கையை அங்கால எடு
(ஸ்காபரோ, 2024)

மே 4, சனி

பின்வளவில் டெக் போடுகிறோம். 14 அடி நீளம், 12 அடி அகலம், நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் உயரம். 60 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நகரசபை அனுமதி வேண்டும். அது போன மாதமே கிடைத்துவிட்டது. கிண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோலுக்கும் அறிவித்திருந்தேன். நிலத்துக்கடியில் என்ன ஓடுகிறது என்று காசு வாங்காமல் குறித்துத் தரும் சேவை. ஆள் வந்து புல்லில் நிறம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். மஞ்சள் என்றால் காஸ், சிவப்பு என்றால் மின்சாரம். தூண்களுக்கு நான் குறித்திருந்த குழிகளில் ஒன்றுக்கு இரண்டடி தள்ளி மஞ்சள் கோடு ஓடுகிறது. அந்தக் குழிக்கு மெசின் இல்லை, மண்வெட்டிதான்.

மே 11, சனி

ஆறு குழி, ஒவ்வொன்றும் நாலடி. மாரியில் மண் அவ்வளவு ஆழத்துக்கு உறையக்கூடும். அதற்கு மேலே அத்திவாரத்தை நிறுத்தினால் உறையும் மண் தூணையே கிளப்பிவிடும்.

மச்சான் வந்தான். பதினைந்து வருடமாக வீடுகளுக்கு மரச்சட்டம் அடிக்கிறவன். "டெக்கைச் சுவரிலேயே போல்ட் போட்டுப் பூட்டினால் மூன்று குழி மிச்சம்தானே?" என்று கேட்டேன். "இந்தச் செங்கல் சட்டை மாதிரி. சட்டையிலை ஆரும் மூட்டை தொங்கவிடுவினமோ?" என்றான். உண்மைதான். இங்குள்ள பல வீடுகளில் பாரத்தைத் தாங்குவது உள்ளே நிற்கும் மரச்சட்டம். செங்கல் வெறும் முகப்பு. ஆறு குழியிலும் கொங்கிரீட் இறங்கியது.

மே 17, வெள்ளி

லீவு. மரம் வந்து இறங்கியது. உக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம். வீட்டு வேலைக்கான மரத்தில் ஆர்செனிக் சேர்ப்பதை 2003 முடிவோடு நிறுத்தி, செம்பைக் கூட்டினார்கள். அந்தச் செம்பு வெறும் இரும்பைத் தின்னும். அதனால் ஆணியெல்லாம் நாகத்தில் தோய்த்தெடுத்த கல்வனைஸ் ஆணி.

கொம்பிரசரும் நெயில் கன்னும் நாள் வாடகைக்கு எடுத்தேன். விசையில் இரண்டு விதம். ஒன்றில் விசையை அழுத்திப் பிடித்தபடி மூக்கை மரத்தில் தொட்டுக்கொண்டே போகலாம், தொடுகிற ஒவ்வொரு தரமும் ஆணி பாயும். மற்றதில் முதலில் மூக்கை அழுத்த வேண்டும், பிறகு விசை. அடுத்த ஆணிக்கு விசையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாடகைக் கணக்கு மண்டையில் ஓட, முதலாவதையே போடச் சொன்னேன். மச்சான் ஒன்றும் பேசாமல் காற்சட்டையைச் சுருட்டி, முழங்காலுக்கு மேலே ஒரு தழும்பைக் காட்டினான். விசையில் விரல் இருந்தபடியே ஏணியால் இறங்கினவனாம். மூக்கு காலில் தொட்டதுதான் தாமதம். இரண்டாவது விதமே போட்டோம்.

கரண்ட் வயரை நீட்டாமல் காற்றுக் குழாயை நீட்டினான். நீண்ட வயரில் மின்னழுத்தம் குறைந்து கொம்பிரசரின் மோட்டார் சூடேறும்.

மே 18, சனி

சனியில் ஒன்பது மணிக்கு முன் சத்தம் போட முடியாது. சரியாக ஒன்பதுக்குக் கொம்பிரசர் உறுமியது. கண்ணாடி, காதடைப்பு இரண்டு பேருக்கும். தீராந்திகளின் மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குறுக்குமரம். பிறகு அவை சரியாதபடி இடையிடையே குட்டைக் கட்டைகள். நான் கட்டையைப் பிடிக்க, மச்சான் மறுபக்கத்திலிருந்து அடித்தான்.

ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே வார்த்தை: "கையை அங்கால எடு." ஆணி இறங்கும் இடத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பது அவனுடைய சட்டம். இருபதாவது தரம் எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் எடுத்தேன். டப் என்றது. ஆணி உள்ளே ஒரு கணுவில் முட்டி வளைந்து, கட்டையின் பக்கவாட்டால் ஒரு அங்குலம் வெளியே வந்து நின்றது. சற்று முன் என் சுட்டுவிரல் இருந்த இடம்.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னேரம் கன்னுக்குள் ஆணி சிக்கியபோது நானே முதலில் காற்றுக் குழாயைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் கன்னில் கை வைத்தேன்.

மே 19, ஞாயிறு

ரொறன்ரோவில் ஞாயிறும் அரச விடுமுறையும் கட்டுமானச் சத்தத்துக்குத் தடை. நாளை விக்ரோறியா தினம். இரண்டு நாள் சும்மா, வாடகை மட்டும் ஏறுகிறது. கொம்பிரசரின் காற்றை வெளியேற்றி, அடியிலுள்ள திருகைத் திறந்தேன். துருநிறத் தண்ணீர் வடிந்தது. வடிக்காமல் விட்டால் தாங்கி உள்ளிருந்தே இற்றுப்போகும்.

வாசித்ததில் ஒரு கணக்கு: அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை, ஆண்டுக்குச் சராசரி 37,000 பேர் நெயில் கன் காயத்தோடு அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். பத்தில் நாலு பேர் என்னைப் போல வீட்டு வேலை செய்தவர்கள். தொட்டதும் பாய்கிற விசையில் ஆபத்து மற்றதைப் போல இரண்டு மடங்கு.

அப்பாவின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் ஆணியை இரு விரலால் பிடித்துத்தான் அடிப்பார். சுத்தியல் ஓங்குவதைக் கண் பார்க்கும், விரல் விலகிக்கொள்ளும். தப்பினாலும் நகம்தான் கறுக்கும். காற்று ஓங்குவதில்லை. அதனால் கை முன்கூட்டியே விலகியிருக்க வேண்டும்.

மே 21, செவ்வாய்

வேலையால் வந்து, ஏழு மணிக்குள் மிச்சக் கட்டைகளை அடித்தோம். கன்னைத் திருப்பிக் கொடுத்தேன். ஐந்து நாள் வாடகை.

மே 25, சனி

மேற்பலகைக்கு ஆணி இல்லை, ஸ்குரூ. பலகை மழையில் ஊதி வெயிலில் சுருங்கும்போது ஆணி மெல்ல மேலே எழும்பி, வெறுங்காலைப் பதம் பார்க்கும். கைப்பிடி 90 சென்ரிமீற்றர் உயரம். கம்பிகளின் இடைவெளி 10 சென்ரிமீற்றருக்குள். குழந்தையின் தலை நுழையக் கூடாது.

ஜூன் 1, சனி

நேற்று நகரசபை ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்து வைத்தார். இன்று டெக்கில் இருந்து தேநீர் குடித்தபடி செலவுக் கணக்கைப் பார்த்தேன். "வீண் செலவு" என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: சும்மா கிடந்த இரண்டு நாள் வாடகை. அதை வெட்டிவிட்டேன்.